குறிப்புக் கட்டத்தில் ஒரு புதன்கிழமை

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்தில் இது தொடங்கியது. நேரத்தை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. எச்சில் மாதிரிக் குழாயின் மேல் ஒட்டிய தாளில், என் கையெழுத்தில் அது இருந்தது. ஜொகூர் மாநிலத்தின் பத்து பாகாட் ஊரில், ஒரு துணி ஆலையின் உணவுக்கூடத்தில், நீலச் சீருடை அணிந்த காவலாளி ஒருவர் என் எதிரே அமர்ந்து, விரல் நீளக் குழாய் ஒன்றுக்குள் எச்சில் துப்பிக்கொண்டிருந்தார். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆலையிலிருந்து பஞ்சுத் துகள்கள் மிதந்து வந்தன. அவை எதன் மீதும் இறங்க மனமில்லாதவை போல, மேசைகளுக்கு மேலே வெகுநேரம் நின்றன.

ஆய்வுக்கூட வேலையிலிருந்து விலகி இலக்கியம் படிக்கச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடக்கிறது. ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயது போதாது. ஆனால் ஐந்து ஆண்டுகள் செய்த ஒரு வேலை முடிந்துவிட்டது. அது இனி நினைவில் மட்டுமே நடக்கும். சென்ற மாதம், என் இடத்தில் இப்போது இருக்கும் ஷாமினி ஒரு குரல்செய்தி அனுப்பினாள். "அக்கா, நம்ம ஃபார்ம் எல்லாத்தையும் டேப்லெட்ல ஏத்துறாங்க. கடைசில 'பிறந்த கிழமை'ன்னு ஒரு கட்டம் இருக்குல்ல? எதுக்குன்னு இங்க யாருக்குமே தெரியல. எடுத்துடலாமான்னு கேக்குறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அந்தக் கட்டம் வந்தது என் பிழையால். ஆகவே எழுதுகிறேன்.

நான் சாஆ என்ற சிற்றூரில் வளர்ந்தவள். செம்பனை எண்ணெய் ஆலைப் புகையின் வாசனை வீட்டுக்குள் வருவதை வைத்தே காற்றின் திசையைச் சொல்லிவிடுவோம். ஆய்வுக்கூடத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்ததும் ஜொகூர் பாருவில் வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் ஆறு மாதம் கண்ணாடிக் குப்பிகள் கழுவினேன், லேபிள் எழுதினேன், வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்றாவது எனக்கு இயல்பாகவே வந்தது.

எங்கள் பிரிவின் தலைவி திருமதி நடேசன். எல்லாரும் 'மிஸ்' என்போம். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. ஆனால் பேச்சில் அந்த ஊர் இன்னும் இருந்தது. மேசைக்கு முன் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் வைத்துவிட்டு, ஒரு பென்சிலைக் காதுக்கு மேல் செருகிக்கொள்வார். குழாயின் எண்ணை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் பதிவேட்டைப் பார்த்து அதே எண்ணைக் கடைசி இலக்கத்திலிருந்து தலைகீழாகப் படிக்க வேண்டும். "நேராய்ப் படிக்கேக்க மனம் முந்திக்கொண்டு ஓடிப்போயிரும், பிள்ளை. பின்னாலே படிச்சால் அது நடக்கத்தான் வேணும்" என்பார். அந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு குழாய்கூட மாறியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பதிவேட்டில் மிஸ்ஸுக்கு ஓர் அடையாளம் இருந்தது: ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி. குடும்பங்களிடமிருந்து மாதிரி எடுக்கும்போது எப்போதாவது, தந்தை என்று எழுதப்பட்டவர் தந்தையாக இருக்க மாட்டார். அண்ணன் தம்பி என்று எழுதப்பட்டவர்களின் மரபணுக்கள் அந்நியர்களைப் போல விலகி நிற்கும். அப்போது மிஸ் காதிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். அந்த உறவைக் கணக்கில் சேர்க்காதே, யாரிடமும் பேசாதே என்று அதற்குப் பொருள். காரணத்தை ஒரே ஒரு முறைதான் சொன்னார். "அது ஒரு தாயின்ர மானம். விஞ்ஞானத்துக்கு அது தேவையில்லை." அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் அறிந்தபின் ஒன்றைச் சொல்லாமல் இருப்பதுதான் கல்வி என்று அன்று நினைத்தேன்.

ஆய்வு இதுதான். இமயத்தின் உயரமான ஊர்களிலிருந்து வந்த ஆண்கள், கடல்மட்டத்தில் இருக்கும் எங்கள் மாநிலத்தில் காவலாளிகளாகவும் தோட்டத் தொழிலாளிகளாகவும் இருக்கிறார்கள். காற்று மெலிந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் மரபணுக்களில் சில சிறு மாற்றங்கள் இருக்கும். அவற்றுக்கும் வயிற்றுப் புற்றுநோய்க்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்பது கேள்வி. மாற்றங்களில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. புகையில் உலர்த்திய இறைச்சி, உப்புப் போட்ட தேநீர், வயிற்றுக் கிருமி ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றுக்கு ஏதாவது பொருள் வரும். அவற்றை வைத்து ஒரு தனி மனிதரிடம் எதையும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் வேறு. அது அரிது, குடும்பத்துக்குள் இறங்கி வருவது, இருந்தால் வயிற்றில் புற்று வரும் வாய்ப்பு மிக அதிகம். அது தென்பட்டால் அந்த மனிதருக்குச் சொல்லியே ஆக வேண்டும். சம்மதத் தாளில் அதற்கென்று ஒரு வரி இருந்தது.

அந்த வியாழக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

ஆலை நிர்வாகம் கொடுத்த பட்டியலில் அடுத்த பெயர் பாசாங். எதிரில் வந்து அமர்ந்தவர் வேலை அட்டையை மேசைமேல் வைத்தார். நான் அதிலிருந்த கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எண்ணை உரக்கப் படித்தேன்; பிறகு மிஸ் பழக்கியபடி தலைகீழாகவும் படித்தேன். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. குழாயை நீட்டினேன்.

"சிஸ், எச்சில் வரல லா" என்றார் சிறிது நேரம் கழித்து. அவருடைய தமிழ், அவர்களை மேய்க்கும் காவல் மேற்பார்வையாளர் முனியாண்டி அண்ணனின் தமிழ்.

"மாங்காய நெனச்சுக்குங்க. மொளகாத்தூள், உப்பு போட்டது."

"எங்க ஊர்ல மாங்கா இல்ல. உருளக்கெழங்குதான்."

பின்னால் நின்ற முனியாண்டி அண்ணன் சிரித்தார். "டேய், உங்க மலைலேர்ந்து துப்புனா கீழ வர்றதுக்கே ஒரு நாள் ஆகும்டா. இங்க ஒரு ட்யூப நெரப்ப முடியலியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நுரை அடங்கி, எச்சில் குழாயின் அளவுக் கோட்டைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும், நுரை கணக்கில் சேராது. அந்த இடைவெளிகளில் அவர் பேசினார். கதவு வழியே வந்த பஞ்சைக் காட்டி, "இது எங்க ஊர் பனி மாதிரி. ஆனா சூடு" என்றார். தன் தாயைப் பற்றிச் சொன்னார். புதன்கிழமைச் சந்தைக்கு உப்பு வாங்கக் கீழே இறங்கியவள், திரும்பி ஏறும் வழியில் ஒரு பாறையின் மறைவில் அவரைப் பெற்றெடுத்தாளாம். பிள்ளையை முன்னாலும் உப்பு மூட்டையைப் பின்னாலும் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாளாம். "உப்பு கொஞ்சம்கூட நனையல சிஸ். அதான் ஊர்ல எல்லாரும் பேசுனாங்க. என்னப் பத்தி யாரும் பேசல."

அதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். படிவத்தின் குறிப்புக் கட்டத்தில் 'தாய் புதன் சந்தை சென்று திரும்பும் வழியில் பிறந்தார். உப்பு நனையவில்லை' என்று எழுதினேன். அந்தக் கட்டம் மருந்து, ஒவ்வாமை போன்றவற்றுக்கானது. அடுத்த வாரம் மிஸ் அதைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? கதை எழுதுறீரோ?"

"இல்ல மிஸ். சொன்னாரு, எழுதிட்டேன்."

"உப்பு நனைஞ்சுதா இல்லையா எண்டு ஆர் கேட்டது? இடத்தை வீணாக்காதேயும்."

நான் அதை அழிக்கவில்லை. மை கொண்டு எழுதியதை அழிப்பது எங்கள் விதிக்குப் புறம்பு.

குழாய்கள் வந்தபின் நடக்கும் வேலையே எனக்கு மிகவும் பிடித்தது. எச்சிலை வெந்நீர்த் தொட்டியில் ஓர் இரவு வைப்போம். பிறகு கரைசல் சேர்த்துப் பனிக்கட்டியில் குளிரவிட்டு, சுழல்பொறியில் சுற்றுவோம். கலங்கல் அடியில் ஒட்டிக்கொள்ளும். மேலே நிற்கும் தெளிந்த நீரை வேறு குழாய்க்கு மாற்றி, ஆல்கஹால் விட்டு, மெல்ல, மிக மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஐந்தாவது அல்லது ஆறாவது முறை கவிழ்க்கும்போது, எதுவுமே இல்லாத அந்தத் தெளிவுக்குள் வெண்மையாக ஒன்று பிறக்கும். முதலில் ஒரு மங்கல்; பிறகு ஒரு நூல்; பிறகு தனக்குள்ளேயே சுருண்டு மிதக்கும் ஒரு சிறு மேகம். மனிதரின் மரபணு கண்ணுக்குத் தெரியும் கணம் அது. மழை பெய்யும் பிற்பகல்களில், ஜன்னலுக்கு வெளியே ஜொகூர் பாரு நரைத்துக்கொண்டிருக்க, என் கையில் மலையின் முகடுகள் ஒவ்வொன்றாகப் பனி மூடிக்கொள்வது போலிருக்கும். பாசாங்கின் குழாயில் அந்த மேகம் மற்றவற்றைவிடப் பெரிதாக வந்தது. அதை ஒளிக்கு நேரே பிடித்து, வேலையை மறந்து நின்றேன் என்பது நினைவிருக்கிறது. ஆபத்துக்கு ஒரு தோற்றம் இருக்கும் என்று எண்ணியிருந்த வயது. அந்த மேகத்தில் அழகைத் தவிர எதுவும் தெரியவில்லை.

ஏப்ரலில் காஹாங் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே பழக்குலை ஏற்றும் வேலையிலிருந்த மிங்மா, தம்பி பத்து பாகாட்டில் காவலாளியாக இருப்பதாகச் சொன்னார். பாசாங்கின் அண்ணன் அவர். குடும்ப அட்டவணையில் இருவரையும் ஒரே கிடைக்கோட்டில் வரைந்தேன்.

ஜூன் மாதம் முதல் கட்ட முடிவுகள் வந்தன. ஒரே தாய் தந்தையின் பிள்ளைகள் என்றால் ஏறக்குறையப் பாதியாவது ஒத்துப்போக வேண்டும். மிங்மாவும் பாசாங்கும் ஒத்துப்போகவே இல்லை. மிஸ் பதிவேட்டின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு புள்ளி வைத்தார்.

"ரெண்டு பேருக்குள்ள கொஞ்சம்கூட ஒத்துப்போகலியே, மிஸ்" என்றேன். நான் அவரிடம் கேள்வி கேட்பது அரிது.

"தத்து எடுத்த பிள்ளையாய் இருக்கலாம். வேற ஏதுமாயும் இருக்கலாம். எங்கட வேலை இல்லை, பிள்ளை."

நான் அடங்கிவிட்டேன். அந்தப் புள்ளியில் ஒரு கனிவு இருந்தது. மலை உச்சியில் எங்கோ இருக்கும், நாங்கள் ஒருநாளும் காணப்போகாத ஒரு பெண்ணை அது காப்பாற்றிக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் இரண்டாம் கட்ட முடிவுகள் வந்தன. பாசாங்கின் குழாயில் அந்த அரிய மாற்றம் இருந்தது.

ஆய்வு முடிவை மட்டும் வைத்து ஒருவருக்குச் சிகிச்சை தொடங்க மாட்டார்கள். மருத்துவமனையில் புதிதாக இரத்தம் எடுத்து, அந்த ஒரு மாற்றத்தை மட்டும் மறுபடி தேடி உறுதிசெய்வார்கள். பாசாங்கை அழைத்தார்கள். மருத்துவர் சொன்னதை அவர் தலைகுனிந்து கேட்டாராம். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். அவருடைய சம்மதத்தோடு மிங்மாவுக்கும் தகவல் போயிற்று. ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, உறுதிச் சோதனையின் முடிவைக் கேட்க பாசாங் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன்.

"உமக்கு அந்த மாற்றம் இல்லை. முதல் சோதனையிலே எங்கட பக்கம்தான் ஏதோ பிழை. மன்னிக்க வேணும்" என்றார் மிஸ். அவர் மன்னிப்புக் கேட்டு நான் கண்டது அன்றுதான்.

பாசாங் மகிழவில்லை. கோப்பையைப் பிடித்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அந்த மொத ட்யூப்?" என்றார்.

"அது இனித் தேவையில்லை. அழிச்சுப்போடுவம்."

"தூக்கிப் போட்டுடுவீங்களா?"

"ஓம்."

"தூக்கிப் போட்டுடுவீங்களா, மேடம்?" என்று மறுபடி கேட்டார்.

மார்ச் மாதத்தில் உப்பு மூட்டையைப் பற்றி அவ்வளவு பேசியவர் இப்படி ஒடுங்கிப்போனாரே என்று நினைத்தேன். மரண பயம் மனிதரை மாற்றிவிடும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அழகான விளக்கங்கள் என்னிடம் எப்போதும் தயாராக இருந்தன.

அவர் போனபின் மிஸ், எங்கள் கூடத்தில் குழாய் மாசுபட்டதாக ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டார். எண்களைத் தலைகீழாகப் படித்த அத்தனை ஆண்டுகளின் மேலும் அவரே கோடு கிழித்தது போலிருந்தது. "நாளைக்குக் காஹாங் போய் அந்தத் தமையனுக்கு நேரிலே சொல்லும், பிள்ளை. பயத்தைக் குடுத்தது நாங்கள். திருப்பி வாங்கவும் நாங்கள்தான் போக வேணும்" என்றார்.

புதன்கிழமை பிற்பகல் காஹாங்கில் மழை வரப்போவது போல இருட்டியிருந்தது. செம்பனை வரிசைகளுக்குள் வெளிச்சம் நீருக்கடியில் இருப்பது போலப் பச்சையாக அசைந்தது. மிங்மா சக்கரத்தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, தலைத்துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வந்தார். செய்தியைச் சொன்னேன். நின்ற இடத்திலேயே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியும். வெள்ளிக்கெழம பொறந்தவனுக்கு ஒன்னும் ஆகாதுன்னு எங்க அம்மா சொல்லும்" என்றார். தோட்டத்து மேற்பார்வையாளர்களான மண்டோர்களிடம் கற்ற தமிழ்.

"தம்பி வெள்ளிக்கிழமையா பிறந்தாரு?"

"பேரே அதான சிஸ். பாசாங்னா வெள்ளி. மிங்மான்னா செவ்வா. நான் செவ்வாக்கெழம பொறந்தேன்." என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "எங்க பக்கம் பொறந்த கெழமதான் பேரு. ஒரு வூட்டுல மூனு பாசாங்கூட இருக்கும். மொத்தமே ஏழு பேருதான், அதுக்குமேல பேரு கெடையாது."

மழை தொடங்கியது. நான் நனைந்துகொண்டு நின்றேன்.

"புதன்கிழமைன்னா என்ன பேரு?"

"லாக்பா."

திரும்பும் வழியெல்லாம் பேருந்தின் கண்ணாடியில் நீர் வழிந்தது. பாறையின் மறைவு, உப்பு மூட்டை, புதன்கிழமை. பாசாங் என்று அட்டை காட்டிய ஒருவர், பாசாங் பிறந்திருக்கவே முடியாத ஒரு கிழமையில் தான் பிறந்ததாக என்னிடம் சொல்லியிருந்தார். நான் அதை மையால் எழுதியும் வைத்திருந்தேன். அட்டையில் இருந்த எண்ணை நேராகவும் தலைகீழாகவும் படித்தேன். அட்டையில் இருந்த முகத்தையும் எதிரே இருந்த முகத்தையும் பார்த்தேனா? பார்க்கவில்லை. அந்நிய ஆண்களின் முகத்தை நேராகப் பார்க்காமல் வளர்ந்தவள் நான். படிவத்தையும் கைகளையும் குழாயையும் பார்த்துப் பேசுவேன். அதை அடக்கம் என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும் அப்படியே எண்ணியிருந்தேன்.

வியாழக்கிழமை காலை, மிஸ் கைக்கடிகாரத்தைக் கழற்றும் முன்பே படிவத்தை அவர் முன் வைத்தேன். மிங்மா சொன்னதைச் சொன்னேன். பிறகு பதிவேட்டைத் திறந்து ஜூன் மாதப் பக்கத்தைக் காட்டினேன். ஓரத்தில் அந்தப் புள்ளி இருந்தது. முதல் குழாய் மிங்மாவின் தம்பியுடையது அல்ல என்பதை நான்கு மாதங்களுக்கு முன்பே மரபணு எங்களிடம் சொல்லியிருந்தது. நாங்கள் ஒரு தாயின் மானம் கருதி அதைக் கேட்காமல் விட்டிருந்தோம்.

மிஸ் அந்த ஐந்து ஆண்டுகளில் முதன்முறையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நான் மானத்தைப் பார்த்தன். நீர் எண்ணைப் பார்த்தீர். ரெண்டு பேரும் ஆளைப் பார்க்கேல்லை" என்றார். பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில், "அந்த ஆள் எங்கை, பிள்ளை?"

பாசாங்கின் கைப்பேசிக்கு அழைத்தேன். மிஸ் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தேன். லாக்பா யார் என்று மட்டும் கேட்டேன். மறுமுனையில் லாரி ஒன்று பின்வாங்கும் ஒலி. பிறகு அழுகை.

"சிஸ், என் பெர்மிட் போயிடுமா?"

"அது எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா லாக்பா எங்க இருக்காரு?"

"கண்டெய்னர் வந்துச்சு சிஸ் அன்னைக்கி. கேட் டூட்டிய விட்டு வர முடியல. பேரு லிஸ்ட்ல இருக்கு, ஆளு வரலன்னா கம்பெனி கேக்கும். லாக்பா வேற ஃபேக்டரி. அன்னைக்கி அவனுக்கு ஆஃப். அதான் என் யூனிஃபார்ம போட்டு, என் கார்ட எடுத்துட்டுப் போடான்னேன். எப்பவும் அப்படித்தான சிஸ், ஒருத்தன் போனா ஒருத்தன் நிப்பான். எடம் காலியா இருக்கக் கூடாதுல்ல? முனியாண்டி அண்ணன்கூட, என் பேர்ல துப்புறான்னு தெரியாம, அவன் அன்னைக்கி இங்க வேலைக்கி நிக்குறான்னுதான் நெனச்சாரு. எச்சில்தான சிஸ். யாரோடதா இருந்தா என்னன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கினார். "டாக்டர் சொன்னப்போ புரிஞ்சுச்சு. ரத்தம் குடுக்கும்போதே சொல்லிடலாம்னு பாத்தேன். பயம். அன்னைக்கி உங்க ஆபீஸ்ல கேட்டேன்ல, தூக்கிப் போட்டுடுவீங்களான்னு..."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. அவனும் எங்க ஊர்தான், ஊருக்குப் போறான். சனிக்கெழம ஃப்ளைட். வயிறு சரியில்லன்னுதான் போறான் சிஸ்."

விமானம் இறங்கும் நகரத்திலிருந்து இரண்டு நாள் பேருந்தில், பிறகு மூன்று நாள் கால்நடையாக ஏறினால் வருவது அவர்களுடைய ஊர் என்று மிங்மா சொல்லியிருந்தார். வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் மருத்துவர் அந்தப் பாதையில் எங்கும் இல்லை.

மிஸ் எழுந்து, பதிவேட்டில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில், மையால், தன் முழுப்பெயரைக் கையெழுத்திட்டார். 'என் தவறு' என்று எழுதியதற்கு அது சமம். மறுநாள் வெள்ளிக்கிழமை, அப்போது ஜொகூரில் அதுதான் வார விடுமுறை. "நான் வந்தால் அரசாங்கம் வந்திட்டுது எண்டு பயந்துபோவார். நீர் தனியப் போம்" என்று சொல்லி, ஒரு புதுக் குழாயும் ஒரு புதுப் படிவமும் உறையில் போட்டுக் கொடுத்தார்.

அதன்பின் நடந்தவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படிப்பவரைக் காக்க வைப்பது இதில் முறையல்ல. லாக்பா அந்த விமானத்தில் ஏறவில்லை. வயிற்றின் உட்சுவரில் மிகச் சிறிதாக ஒன்றைக் கண்டார்கள். அறுவை நடந்தது, வயிறு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் ஊரில் இருக்கிறார். ஒரு நாளைக்கு ஆறேழு முறை, குருவி போலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாராம். அவருடைய தங்கையையும் சோதிக்க வைத்தார். பாசாங்கின் பெர்மிட் பற்றி மிஸ் எத்தனை கடிதங்கள் எழுதினார் என்பது எனக்குத் தெரியும். அதன் முடிவு பாசாங்குக்குச் சொந்தமானது. இங்கே எழுத மாட்டேன். படிவம் அடுத்த முறை அச்சானபோது, கடைசியில் 'பிறந்த கிழமை' என்ற கட்டமும் சேர்ந்தது. பெயர்களை நான் மாற்றவில்லை. ஒரு கிழமையில் பிறந்த அத்தனை பேரும் அதற்குள் மறைந்துகொள்ளலாம்.

இனி அந்தக் காலை. ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்தில் முதல் பேருந்தைப் பிடித்தேன். பத்து பாகாட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் பன்னிரண்டு பேர் தங்கும் அறை. படிக்கட்டிலேயே பருப்பு தாளிக்கும் வாசனை வந்தது. அறை நடுவில் கயிறு கட்டிய பெரிய பெட்டி. அதன்மேல் பிளாஸ்டிக் உறைக்குள் புதுக் கம்பளி ஒன்று. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் ஒருவர் அமர்ந்து, வெள்ளை வயிற்று மருந்தைப் புட்டியிலிருந்து அப்படியே குடித்துக்கொண்டிருந்தார்.

"அலமாக்! துப்புற சிஸ்!" என்றார் உடனே. அவருக்கு என் முகம் நினைவிருந்தது. "மறுபடியுமா? இப்பவும் மாங்கா நெனைக்கணுமா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களைச் சிறிது நேரம் வெளியே இருக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் எதிரே தரையில் அமர்ந்து, தொப்பியைக் கழற்றச் சொன்னேன்.

பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தைக் குறுக்காக வெட்டும் ஒரு பழைய தழும்பு. கன்ன எலும்புகளின் மேல், குளிர்காற்று தீய்த்த செம்மை. இத்தனை ஆண்டுக் கடலோர வெயிலிலும் அது போகவில்லை. கண்களின் ஓரம், சிரிப்பதற்கு முன்பே மடிந்துகொள்ளும் தோல். கடப்பிதழைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த படத்தைப் பார்த்தேன். மறுபடி அவரைப் பார்த்தேன். அவர் கூச்சத்தோடு தலையைத் திருப்பினார். நான் திருப்பவில்லை.

"அன்னைக்கி நீங்க குடுத்ததுல நாங்க ஒன்னு பார்த்தோம்" என்றேன். "நீங்க உங்க பேர்ல கையெழுத்துப் போடல. அதனால தெரிஞ்சுக்கணும்னு கட்டாயம் இல்ல. வேணாம்னா சொல்லுங்க, எந்திரிச்சுப் போயிடுறேன். ஆனா தெரிஞ்சுக்கிறது நல்லதுன்னு நான் நெனைக்கிறேன். நாளைக்கி ஏறுறதுக்கு முன்னாடி."

அவர் பெட்டியைப் பார்த்தார். கம்பளியின் மேலிருந்த பிளாஸ்டிக்கை உள்ளங்கையால் நீவினார். கீழே சாலையில் பேருந்து ஒன்று நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

"சொல்லுங்க" என்றார். "ஆனா இந்த தடவ என் பேர்ல எழுதிட்டு சொல்லுங்க சிஸ்."

புதுப் படிவத்தை எடுத்து முழங்காலின்மேல் வைத்தேன். பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன். எண்ணை நேராகவும் தலைகீழாகவும் படித்தேன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும், எந்தக் கிழமையில் பிறந்தீர்கள் என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்குறீங்க? பேர்லயே இருக்கே."

"தெரியும்" என்றேன். குறிப்புக் கட்டத்தில், மையால், 'புதன்' என்று எழுதினேன்.